நலம் என்று ஒரு பொத்தான்

என்னால் ஒரு இடத்தில் உட்கார முடியாது. காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்று அம்மா சொல்வாள். நின்றுகொண்டே சாப்பிடுவேன், நடந்துகொண்டே போன் பேசுவேன். கல்லூரியில் எலக்ட்ரானிக்ஸ் பாடம் எடுக்கும்போதும் போர்டுக்கும் கதவுக்கும் நடுவில் நடந்தபடிதான் எடுப்பேன். பிள்ளைகள் தலையைத் திருப்பித் திருப்பி எழுதுவார்கள். அப்படிப்பட்டவளிடம் ஒரு போனைக் கொடுத்து, இதில் ஒரு புள்ளி வரும், பார்த்துக்கொண்டிரு என்றால் என்ன ஆகும்? அதுவும் புள்ளி வராத போன்.

அன்று விடியும் முன்பே தம்பி எங்கள் தீவின் ஜங்லிகாட் மீன் துறையிலிருந்து, எஞ்சின் வைத்த சின்னப் படகான டிங்கியைக் கிளப்பிக்கொண்டு சூரை மீனுக்குப் போயிருந்தான். டிங்கியின் பின்பக்கம் நட்ட குழாயின் தலையில் நான் செய்த ஆன்டெனா. அதற்குக் கீழே ஒரு சின்னப் பெட்டி. படகு எங்கே இருக்கிறது என்பதைப் பெட்டி கொஞ்ச நேரத்துக்கு ஒரு முறை சாட்டிலைட்டுக்கு அனுப்பும், அது தரைக்கு அனுப்பும், என் போனில் கடல் வரைபடத்தின்மேல் ஒரு சிவப்புப் புள்ளி விழும். விழ வேண்டும். நான் ஷாதிபூர் வீட்டு மாடியில் தண்ணீர் டேங்குக்கும் படிக்கட்டுக்கும் இடையே நடந்துகொண்டிருந்தேன். வரைபடத்தில் கடல் மட்டும் நீலமாக இருந்தது.

கீழேயிருந்து தம்பி மனைவி கேட்டாள். "அண்ணி, வந்துச்சா?"

"வரும்."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டாள். அதற்கும் வரும் என்றேன். அப்புறம் அவள் கேட்பதையே நிறுத்திவிட்டாள். கேட்டுக்கொண்டிருந்தால் எரிச்சலாவது பட்டிருப்பேன். கேட்காததால் நடையைக் கூட்டினேன்.

அவளுக்குக் காரணம் இருந்தது. முந்தின வருடம் நடுக்கடலில் டிங்கியின் எஞ்சின் நின்றுபோய், தம்பி ஒரு ராத்திரி முழுக்க நீரோட்டத்தோடு மிதந்தான். கரையை விட்டுக் கொஞ்ச தூரம் போனாலே இங்கே போனில் சிக்னல் இருக்காது. மறுநாள் மீன் பிடிக்க வந்த தெலுங்குக்காரர்களின் படகு ஒன்று தற்செயலாகப் பார்த்துக் கட்டி இழுத்து வந்தது. தற்செயலாக என்ற அந்த வார்த்தைதான் தம்பி மனைவியின் தொண்டையில் முள்ளாக நின்றுவிட்டது. அவள் அழவும் இல்லை, சண்டை போடவும் இல்லை. சண்டை போட்டிருந்தால் தம்பி சமாளித்திருப்பான். வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே சொன்னாள்: "இனிமே நீங்க கடலுக்குப் போனா எங்க இருக்கீங்கன்னு எனக்குத் தெரியணும். அதுக்கு வழி இல்லன்னா டிங்கிய வித்துருங்க."

பக்கத்துத் தீவில் ஹட் பேயிலிருந்து ஒரு பெங்காலிக்காரர் டிங்கியைக் கேட்டுக்கொண்டே இருந்தார். விற்றுவிட்டால் தம்பிக்கு ஒரு கான்ட்ராக்டரிடம் சூப்பர்வைசர் வேலை காத்திருந்தது. செங்கல் எண்ணுகிற வேலை. அவனும் என் ரத்தம்தானே? நாலு நாள் சேர்ந்தாற்போல் கரையில் இருந்தால் வீட்டில் எல்லாரையும் கடித்துக் குதறுவான். அவனைச் செங்கல் பக்கத்தில் நிறுத்தினால் அவனும் கெடுவான், கட்டடமும் கெடும்.

நல்ல வேளையாகக் கல்லூரியில் அப்போது ஒரு சின்னத் திட்டம் வந்தது. மீன்பிடி டிங்கிகளில் சாட்டிலைட் பெட்டி வைத்துப் பார்க்க வேண்டும். பெட்டி மெயின்லேண்டிலிருந்து, அதாவது கடலுக்கு அந்தப் பக்கத்துப் பெருநிலத்திலிருந்து வரும், அதற்கு ஏற்ற மலிவான ஆன்டெனாவை நாங்கள் வடிவமைக்க வேண்டும். பரிசோதனைக்கு ஒரு படகு தேவை என்றார்கள். நான் கையைத் தூக்கினேன்.

ஆன்டெனா என்றதும் கம்பி கம்பியாக நிற்பதை நினைக்க வேண்டாம். இது உள்ளங்கை அளவுக்கு ஒரு சதுரப் பலகை. அடியில் முழுக்கச் செம்பு. மேலே நடுவில் ஒரு சதுரச் செம்புத் துண்டு. அதைப் பேட்ச் என்போம். அதன் ஒரு ஓரத்துக்குப் பக்கத்தில் ஒரு ஓட்டை. பெட்டியிலிருந்து வரும் ஊசி கீழிருந்து அந்த ஓட்டை வழியாக ஏறிச் செம்பைத் தொடும். இந்தச் சதுரத்தை அப்படியே விட்டால், அது அனுப்பும் அலை ஒரே கோட்டில் ஆடும். படகு அசையும், திரும்பும், கோடும் கூடவே திரும்பும். அதனால் அலையைச் சுழலவிட வேண்டும். சுழலும் அலைக்குப் படகு எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒன்றுதான். மேலே இருக்கும் சாட்டிலைட்டும் அப்படி வலப்பக்கமாகச் சுழன்று வரும் அலைக்குத்தான் காது கொடுக்கும்.

சுழல வைக்கும் தந்திரம் கேட்பதற்கு எளிது. சதுரத்தில் எதிரெதிர் மூலைகள் இரண்டைக் கொஞ்சம் நறுக்கிவிட வேண்டும். அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்பதில்தான் என் பாதி முடி நரைத்தது. குறைவாக நறுக்கினால் வட்டம் வராமல் சப்பிப்போன முட்டை வரும். அதிகமாக நறுக்கினாலும் அதே கதைதான். கணக்குப் போட்டுச் சரியாக நறுக்கினால், மெயின்லேண்டிலிருந்து வந்த பலகை ஒவ்வொன்றும் ஒரு குணமாக இருந்தது. அதையும் சமாளித்து, உப்புத் தண்ணீர் படாமல் இருக்க மேலே பிளாஸ்டிக் மூடி போட்டால், மூடி போட்ட ஒரே காரணத்துக்காக அலைவரிசை கீழே இறங்கியது. புத்தகம் எழுதியவர்கள் யாரும் உப்புக் காற்றில் குடியிருந்தவர்கள் இல்லை என்று எனக்கு அப்போது தெளிவாகத் தெரிந்தது. மூடியையும் கணக்கில் சேர்த்துப் பேட்சைச் சிறிதாக்கினேன். பலகையைத் தடிமனாக்கினேன், அதற்கப்புறம் அலைவரிசை கொஞ்சம் இப்படி அப்படிப் போனாலும் வட்டம் கெடவில்லை. ஓரங்களை அரத்தால் ராவி ராவி, விரல் நுனியெல்லாம் செம்பு வாடை.

ஒவ்வொரு பலகையையும் மெயின்லேண்டுக்கு அனுப்பிச் செய்து வாங்கினால் வந்து சேர வாரக்கணக்கில் ஆகும். எனக்கு ஏது அந்தப் பொறுமை? வீட்டிலேயே செய்தோம். படத்தை வழவழப்பான தாளில் பிரின்ட் எடுத்து, செம்பின்மேல் குப்புற வைத்து இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தால் மை செம்பில் ஒட்டிக்கொள்ளும். மை இல்லாத செம்பைத் திரவத்தில் கரைத்துவிடலாம். தாளைக் குப்புற வைப்பதால் படம் இடம் வலம் மாறி விழும் என்பதால், பிரின்ட்டையே மாற்றி, அதாவது உல்டாவாக, எடுக்க வேண்டும். நான் படம் வரைந்தேன். தம்பி ஜெராக்ஸ் கடைக்குப் போய்ப் பிரின்ட் எடுத்து வந்து தேய்த்தான். சூடு ஆறும்வரை தாளைப் பிடித்து இழுக்காமல் இருக்க வேண்டும். அது என் கைக்கு ஆகாது.

கல்லூரிக் கருவியில் வைத்துப் பார்த்தேன். நான் கேட்ட அலைவரிசையிலேயே அழகாக நின்றது. எதிரில் ஒரு சாதாரண ஆன்டெனாவைப் பிடித்துச் சுற்றிப் பார்த்தேன். எந்தக் கோணத்திலும் ஒரே அளவு, நல்ல வட்டம். வீட்டு மாடியில் பெட்டியோடு வைத்தேன், போனில் ஷாதிபூரின்மேல் புள்ளி விழுந்தது. அன்று வீட்டில் கோழிக் குழம்பு.

அந்த ஆன்டெனாதான் இப்போது கடலில் ஊமையாக இருந்தது. பதறாத காரியம் சிதறாது என்பார்கள். என் விஷயத்தில் இரண்டும் சேர்ந்தேதான் நடக்கும்.

பிற்பகலில் இரண்டு புள்ளிகள் விழுந்தன. அடுத்தடுத்து இரண்டு, பிறகு ஒன்றும் இல்லை. சாயங்காலம் தம்பி ஐஸ் பெட்டி நிறைய மீனோடு சிரித்துக்கொண்டு வந்தான்.

"நாள் பூரா நலம் நலம்னு அமுக்கிட்டே இருந்தேனே அக்கா. வரலையா?"

பெட்டியில் மூன்று பொத்தான்கள் உண்டு: நலம், தாமதம், உதவி. எதை அமுக்கினாலும் இடத்தோடு சேர்ந்து அந்தச் சொல்லும் போகும். ஆனால் பெட்டிக்கு அனுப்பத்தான் தெரியும். போய்ச் சேர்ந்ததா என்று தெரியாது.

"ரெண்டே ரெண்டு புள்ளிடா. மத்தியானத்துக்கு மேல."

அவன் ஐஸ் பெட்டியை இறக்கி வைத்தான். "அப்பத்தான் அக்கா ஒரு காத்து வந்து போட்டு உருட்டுச்சு. டிங்கி இப்படிச் சாஞ்சு அப்படிச் சாஞ்சு... ஹாலத் கராப், நெலம ரொம்ப மோசம். நான் பொத்தான் பக்கமே போகல, கம்பியப் பிடிச்சுக்கிட்டு இருந்தேன். அது தானாப் போனது."

தம்பி மனைவி தண்ணீர்ச் சொம்போடு நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "நல்லா இருந்தப்ப ஒண்ணும் வரல. ஆட்டங் கண்டப்ப மட்டும் வந்திருக்கு. அப்ப இனிமே புள்ளி வந்தா நான் சந்தோஷப்படணுமா, பயப்படணுமா அண்ணி?"

அவள் சொம்பைத் தம்பி கையில் கொடுத்தாள். "ஹட் பே ஆளை ஞாயித்துக்கிழமை வந்து பாக்கச் சொல்லுங்க."

அந்த வாரம் நான் என்ன சாப்பிட்டேன், வகுப்பில் என்ன பேசினேன் என்று எனக்கே நினைவில்லை. குழாயிலிருந்து ஆன்டெனாவைக் கழற்றிக்கொண்டு ஊரைச் சுற்றினேன். கல்லூரி மைதானத்தின் நடுவில் வைத்தேன், புள்ளி இல்லை. படகுகள் கட்டும் ஜெட்டியின் முனையில் வைத்தேன், இல்லை. வீட்டு மாடிக்குக் கொண்டுவந்தால் சமர்த்தாகப் பேசியது. வீட்டில் வாயாடி, வெளியே ஊமை. இப்படிப் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன், ஆன்டெனாவைப் பார்த்ததில்லை. கடலில் படகு ஆடினால் கெடக் கூடாது என்றுதான் இவ்வளவு பாடுபட்டேன். இது ஆடினால் மட்டும் வேலை செய்கிறது. எனக்கு அழுகை வந்தது, அதைவிடக் கோபம் வந்தது.

சனிக்கிழமை மாடியில் பெட்டியையும் ஆன்டெனாவையும் கையில் ஏந்திக்கொண்டு நடந்தேன். உட்கார முடியாததால்தான் நடந்தேன், ஆராய்ச்சிக்காக இல்லை. டேங்கிலிருந்து படிக்கட்டு, படிக்கட்டிலிருந்து டேங்க். பல நடை நடந்த பிறகு போனைப் பார்த்தேன். புள்ளிகள் வந்த நேரமெல்லாம் நான் டேங்க் பக்கம் நின்ற நேரம். படிக்கட்டுப் பக்கம் நின்றபோது ஒன்றும் வரவில்லை. டேங்க் பக்கத்தில் என்ன இருக்கிறது? அடுத்த வீட்டுக்காரர் எங்கள் மாடியை ஒட்டி எழுப்பிய மேல் அறை. சுவரிலிருந்து கூரைவரை முழுக்கத் தகரம்.

மழைக்கு மூட வைத்திருந்த பழைய தகரத் தகடு ஒன்று மூலையில் கிடந்தது. அதை இழுத்துப் படிக்கட்டுப் பக்கம் சாய்த்து, அதன் முன் ஆன்டெனாவைக் கொஞ்சம் சரித்து வைத்தேன். புள்ளி விழுந்தது. தகட்டை எடுத்தேன், நின்றுபோனது. மறுபடி வைத்தேன், விழுந்தது.

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

சுழலும் அலை எதிலாவது பட்டுத் திரும்பினால் அதன் சுழற்சி மாறிவிடும். வலம் சுற்றியது இடமாகும், இடம் சுற்றியது வலமாகும். முதல் வருடப் பிள்ளைகளுக்கு நானே சொல்லிக்கொடுப்பதுதான். தகரத்தில் பட்டுத் திரும்பிய அலை சாட்டிலைட்டுக்குக் கேட்கிறது, நேராகப் போனது கேட்கவில்லை என்றால் என் ஆன்டெனா இடப்பக்கம் சுழற்றி அனுப்புகிறது. கடலில் படகு பேயாட்டம் ஆடிக் கவிழப் பார்த்தபோது அலை தண்ணீரில் பட்டு, புரண்டு, தப்பித் தவறி மேலே போயிருக்கிறது. கல்லூரிக் கருவி பொய் சொல்லவில்லை. வட்டமா என்று கேட்டேன், வட்டம் என்றது. எந்தப் பக்கம் என்று நான் கேட்கவே இல்லை.

படத்தை எடுத்துவந்து பலகையோடு வைத்துப் பார்த்தேன். கால் சுற்றுத் திருப்பிப் பிடித்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன. ஊசி ஓட்டையை என் பக்கம் வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, நறுக்கிய மூலைகள் வலது இடதாக மாறியிருந்தன.

தம்பி கீழே தூண்டில் முள்ளுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான். படி இறங்கும்போதே கத்தினேன். "பிரின்ட் எடுக்கையில உல்டாவா எடுக்கச் சொன்னியாடா?"

"ஆமா. பின்ன? பனியன மறந்துட்டியா?"

மறக்க முடியுமா? ஒரு முறை அவனுடைய கிரிக்கெட் டீமுக்குப் பனியனில் பெயரை இப்படித்தான் தேய்த்து ஒட்டினான். எல்லாம் கண்ணாடியில் பார்த்தால் மட்டும் படிக்கிற மாதிரி வந்தது. ஒரு சீசன் முழுக்க டீமை உல்டா பார்ட்டி என்று ஊர் கூப்பிட்டது. அதிலிருந்து எதைத் தேய்த்து ஒட்டினாலும் முதலில் அதைத் திருப்பிவிடுவான்.

"நான் கம்ப்யூட்டர்லயே உல்டா பண்ணித்தான்டா குடுத்தேன்."

அவன் எண்ணெய்க் கையோடு என்னைப் பார்த்தான். "ரெண்டு உல்டா ஆனா சீதா, நேரா ஆயிருமே அக்கா."

"ஆயிருச்சு."

அவன் மறந்துவிடுவான் என்று நான் திருப்பினேன். நான் அவசரத்தில் விட்டிருப்பேன் என்று அவன் திருப்பினான். ஒருவர்மேல் ஒருவருக்கு அவ்வளவு நம்பிக்கை. கதவருகில் தம்பி மனைவி நின்றிருந்தாள். அந்த வாரத்தில் முதல் முறையாகச் சிரித்தாள். "ஒருத்தர ஒருத்தர் வாயத் தொறந்து கேட்டா என்ன, முத்து உதிர்ந்துருமா?"

"இன்னும் ஒரே ஒரு தடவை பாப்போம்மா," என்றேன். "அப்புறம் நான் தடுக்க மாட்டேன்."

அவள் ஹட் பேக்காரரை அடுத்த வாரம் வரச் சொன்னாள்.

புதுப் பலகையில் மூலையில் செம்பிலேயே ஒரு எழுத்து வைத்தேன். அது நேராக வாசிக்க வந்தால் பேட்சும் நேர். இந்த முறை தம்பி திருப்பவில்லை. திருப்பவில்லை என்று என்னிடம் போன் போட்டும் சொன்னான். மைதானத்தின் நடுவிலும் ஜெட்டி முனையிலும் புள்ளி வந்தது. கடலில், காற்றே இல்லாத ஒரு நாளில், தையல் போட்டதுபோல வரிசையாக வந்தது. தம்பி மனைவி மாடிக்கு வந்து என் போனை வாங்கிப் பார்த்தாள். மறுநாள் அவள் போனிலும் அதை வைத்துக் கொடுத்தேன். ஹட் பேக்காரர் வேறு டிங்கி பார்த்துக்கொண்டார்.

இதோடு என் கால் ஓய்ந்திருக்க வேண்டும். ஓயவில்லை. புள்ளி வராதபோது ஒரு பதற்றம் என்றால், வரும்போது ஒவ்வொன்றுக்கும் ஒரு பதற்றம். நான் புள்ளி வந்ததா என்று மட்டும் பார்ப்பேன், வந்தால் விட்டுவிடுவேன். தம்பி மனைவி அப்படி இல்லை. அடுப்புப் பக்கம் போனைச் சாய்த்து வைத்து, புள்ளிகள் போகும் போக்கைப் பார்ப்பாள். மீன் கிடைத்தால் தம்பி போய்ப் போய்த் திரும்புவான் என்றும், வீட்டுக்கு என்றால் கோடு நேராகிவிடும் என்றும் சொல்வாள். எனக்கு அது பொழுதுபோக்காகப் பட்டது.

ஒரு நாள் மதியம் சோற்றுத் தட்டோடு நடந்துகொண்டிருந்தபோது போன் சிணுங்கியது. புள்ளியோடு நலம் என்று வந்திருந்தது. கொஞ்ச நேரத்தில் இன்னொரு நலம். பிறகு இன்னொன்று. இவ்வளவு நலமாக அவன் ஒரு நாளும் இருந்ததில்லை. எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

அவள் படியேறி வந்தாள். "அண்ணி, எஞ்சின் நின்னுருச்சு."

"நலம்னு அனுப்பியிருக்கானே."

"இதப் பாருங்க." புள்ளிகளை விரலால் காட்டினாள். நெருக்கி நெருக்கி விழுந்திருந்தன, திரும்பாமல் மெல்லத் தெற்கே நழுவிக்கொண்டு. "இது அவுங்க ஓட்டுற ஓட்டமா? தண்ணி தள்ளிட்டுப் போவுது. நலம்னு அமுக்குனது அவுங்க விரலு. படகு வேற சொல்லுது."

நான் தட்டை டேங்கின்மேல் வைத்தேன். அதற்குள் அவள் ஜங்லிகாட்டில் தம்பியின் சிநேகிதனைக் கூப்பிட்டு, கடைசிப் புள்ளியின் இடத்தை எண் எண்ணாகச் சொல்லத் தொடங்கியிருந்தாள். குரல் ஒரு இடத்திலும் பிசிறவில்லை. சிநேகிதன் ஆட்களோடு படகில் கிளம்பிப் போன பிறகும் புள்ளிகள் வந்துகொண்டே இருந்தன. ஒவ்வொன்றையும் அவள் கரையில் நின்றவர்களுக்குச் சொல்ல, அவர்கள் ரேடியோவில் தேடிப்போன படகுக்குச் சொன்னார்கள். கடல் அன்று கண்ணாடியாக இருந்தது. பழைய ஆன்டெனா என்றால் ஒரு புள்ளியும் வந்திருக்காது. அதை நினைத்து நினைத்து நான் நடந்தேன்.

இருட்டுவதற்குள் கட்டி இழுத்து வந்துவிட்டார்கள். தம்பி வீட்டுக்குள் நுழையும்போதே என் முகத்தைப் பார்த்துவிட்டான். "நலமாத்தானே அக்கா இருந்தேன். மூழ்கவா செஞ்சேன்?"

"உதவின்னு ஒரு பொத்தான் இருக்குல்ல? அது எதுக்குடா, அழகுக்கா?"

அவன் மனைவி பக்கம் திரும்பாமலே முணுமுணுத்தான். "அத அமுக்குனா இவ டிங்கிய வித்துருவா."

அவள் அவனுக்குச் சோறு போட்டாள். மீன் துண்டு ஒன்றை எடுத்து வைத்தாள், குழம்பை ஊற்றினாள். அவன் பிசையத் தொடங்கியதும் என்னிடம் சொன்னாள்.

"டிங்கி இருக்கட்டும் அண்ணி. அந்த நலம் பொத்தான மட்டும் எடுத்துருங்க."

"எதுக்கும்மா?"

"எங்க இருக்காங்கன்னு தெரிஞ்சாப் போதும். எப்படி இருக்காங்கன்னு நான் பாத்துக்கறேன்."

தம்பி படகிலிருந்து கழற்றி வந்திருந்த பெட்டியை இடது கையால் என் பக்கம் தள்ளினான். நான் பெட்டியைத் திறந்து அந்தப் பொத்தானின் கம்பியை வெட்டினேன், ஓட்டையில் தண்ணீர் இறங்காமல் பசை வைத்து அடைத்தேன். அது காயும்வரை தொடாமல் இருக்க வேண்டும். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, என் கையைப் பிடித்துக்கொண்டாள்.